கேபிளில் போகிற படம் ஏன் தேய்வதில்லை?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி டீச்சர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். வீட்டு வயலில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம் என்று பழைய ரகங்களைத் தனித்தனிப் பாத்திகளில் நட்டு, நாற்றங்காலில் தொடங்கி அறுப்பு வரை டேப்லெட்டில் படம் எடுத்து வருகிறாராம். "சார், டேப்ல இடம் தீந்துபோச்சு. கம்ப்யூட்டருக்கு மாத்தணும். ஆனா மாத்த மாத்தப் படத்தோட தரம் குறையும்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்றார். போன வருஷம் கொஞ்சம் மாத்தினப்போ எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி வேற வந்துடுச்சு. தொண்டைக்கதிர் எப்போ, பால் பிடிச்சது எப்போன்னு தெரியலன்னா எடுத்து என்ன பிரயோஜனம்?"

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: குறையாது. ஒரு தடவை மாற்றினாலும் ஆயிரம் தடவை மாற்றினாலும் கடைசிப் பிட் வரை அதே படம்தான் (படத்தைக் கணினி 0, 1 என்றே எழுதிவைக்கிறது, அந்த ஒவ்வொரு 0வும் 1உம் ஒரு பிட்). அது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. தேதி விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம்.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டின் பூட்டைத் திறந்துவைத்துவிட்டு யூ.எஸ்.பி. கேபிளைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு முதலில் 'சார்ஜ் மட்டும்' என்றே இருக்கும். மேலிருந்து அறிவிப்பை இழுத்து 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்றுங்கள். ஐபேட் என்றால் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும், ஆம் என்று தொடுங்கள். டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டருக்குள் கேமரா ஃபோல்டர் இருக்கும். அதைக் காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். கணினியில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு டேப்லெட்டில் அழிக்கலாம். சார்ஜ் ஏறுகிறது, கணினியில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் பின்னதை வைப்பதே இல்லை.

பென் டிரைவைப் போல டேப்லெட் தனி எழுத்தோடு டிரைவாக வராததற்கும் காரணம் உண்டு. பென் டிரைவைச் செருகினால் அதன் சேமிப்பு முழுவதும் கணினியின் ஆளுகைக்குப் போய்விடும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எதை அழிப்பது என்று கணினியே முடிவு செய்யும். டேப்லெட்டில் அப்படி விட முடியாது. உள்ளே ஆண்ட்ராய்டும் அதே சேமிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கோப்புப் பட்டியலைத் திருத்தினால் பட்டியல் குழம்பிக் கோப்புகள் போய்விடக்கூடும். அதனால் 2011இல் டேப்லெட்டுகளுக்கென்றே வந்த ஆண்ட்ராய்டு 3.0 தொட்டு எம்.டி.பி. என்ற முறைக்கு மாறினார்கள். டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுத்த ஒரு நெறிமுறையிலிருந்து வளர்ந்தது இது. கணினி நேரடியாகக் கை வைக்காது. "என்னென்ன வைத்திருக்கிறாய்? அதில் இந்த எண்ணுள்ளதைக் கொடு" என்று கேட்கும், டேப்லெட் எடுத்துக் கொடுக்கும். சற்று மெதுவான முறைதான். ஆனால் பத்திரமானது.

இனி தேய்மானத்துக்கு வருவோம். நகல் எடுக்க எடுக்கத் தரம் குறையும் என்ற எண்ணம் தம்பிக்குச் சும்மா வந்ததில்லை. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருப்பவை போன்ற ஓலைச்சுவடிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்டவை. ஓலை பொத்துக்கொள்ளும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். படிப்பவர் இடமறிந்து ஊகிக்க வேண்டும். ஒருவர் தவறாக ஊகித்து எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதுபவருக்குத் தவறே மூலம். உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டதற்குக் காரணம் இதுதான். ஒற்றை ஏட்டை வைத்துக்கொண்டு எது பிழை என்று சொல்லிவிட முடியாது.

கேபிளிலும் பிழை நேரும். யூ.எஸ்.பி. 2.0 அதன் உச்ச வேகத்தில் வினாடிக்கு 48 கோடி பிட்களை அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 2 நானோ வினாடிதான். பக்கத்தில் மோட்டார் பம்பு போட்டாலும், செருகுமுனை லேசாக ஆடினாலும் 0 என்பது 1 ஆகிவிடலாம். தகவல் கம்பிகள் இரண்டிலும் நேரெதிர்க் குறிகையை அனுப்பி, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் வெளியிலிருந்து புகும் மின் இரைச்சலில் பெரும்பகுதி கழிந்துபோகும். அதையும் மீறி வருகிற பிழையைப் பிடிக்க வேறொன்று வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான்.

படம் முழுதாகப் போவதில்லை. 512 பைட் (ஒரு பைட் என்றால் 8 பிட்) கொண்ட சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டுப் போகிறது. 4 மெகாபைட் படம் என்றால் சுமார் 8,000 பொட்டலம். ஒவ்வொன்றின் வாலிலும் 16 பிட்டில் ஓர் எண் ஒட்டப்படுகிறது. சி.ஆர்.சி. என்று அதற்குப் பெயர். மூன்றாம் வகுப்பில் படித்த வகுத்தல் கணக்கின் மீதிதான் அது.

முதலில் நமக்குப் பழகிய எண்ணில் பார்ப்போம். 5284 என்பதை அனுப்ப வேண்டும். சரியாகப் போனதா என்று தெரிய இலக்கங்களைக் கூட்டி 19 என்று சேர்த்து அனுப்பலாம். ஆனால் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறி 5824 என்று போய்ச் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை 19தான். பிழை தெரியாது. கூட்டுவதற்குப் பதில் 97ஆல் வகுத்து மீதியை எடுப்போம். 5284க்கு மீதி 46. 5824க்கு மீதி 4. பிடிபட்டுவிட்டது. ஓர் இலக்கம் மட்டும் மாறி 5384 ஆகியிருந்தால் மீதி 49. அதுவும் பிடிபடும். எந்த இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கூட்டலுக்குத் தெரியாது, மீதிக்குத் தெரியும்.

கணினி இதையே 0, 1 கொண்டு செய்கிறது, அதுவும் நம்மைவிட எளிய முறையில். கடன் வாங்கிக் கழிப்பது அதற்கு இல்லை. இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் விடை 0, வேறாக இருந்தால் 1. அவ்வளவுதான் கழித்தல். ஒரு தாள் எடுத்துச் செய்து பாருங்கள். அனுப்ப வேண்டியது 1101. வகுக்கும் எண் 1011. மீதிக்கு இடம் விட்டு மூன்று சுழியம் சேர்த்தால் 1101000. முதல் நான்கு பிட்டுக்குக் கீழே 1011ஐ எழுதிக் கழித்தால் 0110. அடுத்த பிட்டை இறக்கினால் 1100, கழித்தால் 0111. இறக்கினால் 1110, கழித்தால் 0101. கடைசிப் பிட்டையும் இறக்கினால் 1010, கழித்தால் 0001. மீதி 001. சுழியங்கள் இருந்த இடத்தில் அதை வைத்து 1101001 என்று அனுப்பிவிடுகிறோம். வாங்குபவர் இதையே 1011ஆல் வகுத்தால் மீதமின்றி வகுபடும். வழியில் மூன்றாவது பிட் கெட்டு 1111001 என்று வந்திருந்தால் மீதி 110 நிற்கும். வாங்குபவரிடம் மூலப் படம் இல்லை, ஒப்பிட இன்னொரு ஏடும் இல்லை. வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, வந்தது பழுது என்று சொல்லிவிடுகிறார்! இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

யூ.எஸ்.பி.யில் வகுக்கும் எண்ணுக்கு 17 பிட்: 1 1000 0000 0000 0101. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எண் இல்லை. அதில் உள்ள 1களை எண்ணுங்கள், நான்கு. அதன் எந்த மடங்கை எடுத்தாலும் அதிலும் 1கள் இரட்டைப்படையில்தான் இருக்கும், ஏனென்றால் நம் கழித்தலில் 1கள் ஜோடி ஜோடியாகத்தான் அழிகின்றன. ஆகவே ஒரு பொட்டலத்தில் ஒன்றோ, மூன்றோ, ஐந்தோ, ஒற்றைப்படை எண்ணிக்கையில் எத்தனை பிட் புரண்டாலும் அது தப்பவே முடியாது. இரண்டு பிட் மட்டும் புரண்டாலும் மாட்டிக்கொள்ளும். தொடர்ச்சியாக 16 பிட் வரை சிதைந்தாலும் மாட்டிக்கொள்ளும். இவற்றையும் மீறிக் கன்னாபின்னாவென்று சிதைந்தால் தப்ப வாய்ப்பு ஏறத்தாழ 65,536இல் ஒன்று. இவ்வளவையும் செய்யும் சுற்றில் 16 பிட்டை வைத்திருக்கும் ஒரு வரிசையும், இரண்டு பிட்டை ஒப்பிட்டு விடை தரும் 'கதவுகள்' என்ற சில சிறு மின்சுற்றுகளும் மட்டுமே உண்டு. பிட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வகுத்தல் நடக்கிறது. கடைசிப் பிட் போய்ச் சேரும் நேரத்தில் மீதி தயார். அமெரிக்கக் கணிதவியலாளர் டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன் 1961இல் சக ஆய்வாளரோடு சேர்ந்து இதை எழுதி வெளியிட்டார்.

பிழை தெரிந்த பிறகு கணினி என்ன செய்யும்? பேசாமல் இருக்கும். பொட்டலம் சரியாக வந்தால் 'கிடைத்தது' என்று ஒரு சிறு விடை அனுப்பும். கெட்டு வந்தால் எந்த விடையும் இல்லை. டேப்லெட் அந்தப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்து, அடுத்து கேட்கும்போது அதையே மறுபடி கொடுக்கும். சரி, பொட்டலம் நன்றாக வந்து, 'கிடைத்தது' என்ற விடை மட்டும் வழியில் கெட்டுப்போனால்? டேப்லெட் பழையதையே திரும்ப அனுப்பும், படத்தில் ஒரு துண்டு இரண்டு தடவை ஏறிவிடாதா? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். பொட்டலங்களுக்கு மாற்றி மாற்றி 0, 1 என்று அடையாளம் உண்டு. அடுத்தடுத்து ஒரே அடையாளம் வந்தால் இரண்டாவதை ஒதுக்கிவிட்டு, விடையை மட்டும் திரும்ப அனுப்பும் கணினி. தொடர்ந்து மூன்று முறை பழுதானால் பரிமாற்றத்தை நிறுத்திப் பிழை என்று அறிவிக்கும். கேபிள் சுமார் என்றால் நேரம் கூடும், அல்லது காப்பி பாதியில் நின்றுபோகும். மங்கலான படம் மட்டும் வராது.

தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் படம் துல்லியமாக இருக்கும் என்று கடைகளில் விற்பதை இந்த இடத்தில் கண்டிக்காமல் போக முடியவில்லை. தங்கம் துருப்பிடிக்காது. வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் முனை நாள்பட உழைக்கும். அதற்காக வாங்கலாம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாயத்துக்குக் கொடுக்கும் காசைப் போலத்தான் அந்த அதிகப்படி விலையும், படித்தவர்களே கொடுக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

தரம் உண்மையிலேயே குறையும் இடங்கள் வேறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி, புதிதாக அமுக்கி எழுதுகிறது. அங்கே நெல்மணியின் மீசை போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழப்பு உண்டு. திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. கேபிள் இல்லாமல் வைஃபையில் அனுப்பினாலும் பயமில்லை, அங்கே 32 பிட் மீதி காவல் இருக்கிறது.

மீதியைப் பற்றிப் பேசிவிட்டுக் கும்பகோணத்தை விட்டுவிட முடியாது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1919இல் ஒன்றைக் காட்டினார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்று எண்ணினால், 4க்கு 5 விதம் (4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1), 9க்கு 30, 14க்கு 135. 4இலோ 9இலோ முடியும் எந்த எண்ணுக்கும் விடையை 5ஆல் வகுத்தால் மீதி இல்லை. சி.ஆர்.சி. இதிலிருந்து பிறந்ததில்லை, அதன் வேர் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞரின் இயற்கணிதத்தில் இருக்கிறது. 1832இல் 20 வயதிலேயே இறந்துபோனவர் அவர். ஆனால் இரண்டுமே, இதனால் என்ன பயன் என்று யாரும் கேட்கக்கூடிய கணக்குகள். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, பட்டம் இல்லாத ஒருவருக்கு, உடனடிப் பயன் எதையும் கேட்காமல். நம் அரசுக் கல்லூரிகளின் கணிதத் துறைகளுக்கு இன்றும் அப்படிப்பட்ட பணம்தான் தேவை. 'சமூகப் பயன் யாது?' என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்துவிட்டு நல்ல கணக்கு வரும் என்று காத்திருப்பது முறையல்ல.

டீச்சரின் தேதிக் கேள்வி பாக்கி. ஒரு படத்துக்கு இரண்டு வகைத் தேதி உண்டு. ஒன்று கோப்பின் தேதி. அதைக் கணினி படத்துக்கு வெளியே, தன் பட்டியலில் எழுதிவைக்கிறது. காப்பி செய்யும்போது அது அன்றைய தேதியாக மாறிவிடலாம். போன வருஷம் நடந்தது அதுதான். இன்னொன்று கேமரா படம் எடுத்த நொடியில் கோப்புக்குள்ளேயே எழுதிய எக்ஸிஃப் குறிப்பு. நாள், மணி, நிமிடம், இருப்பிட வசதி திறந்திருந்தால் இடமும் அதில் இருக்கும். அது படத்தின் பிட்களோடு சேர்ந்தே பொட்டலத்தில் ஏறி, மீதி பார்க்கப்பட்டு வருகிறது. விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகள், விவரங்கள் என்று போனால் 'எடுக்கப்பட்ட தேதி' தெரியும். ஃபோல்டரையும் அந்தத் தேதிப்படியே வரிசைப்படுத்தலாம். கேபிளில் மாற்றியிருந்தால் போன வருஷப் படங்களிலும் அது இருக்கிறது டீச்சர், தொலையவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி மாற்றியவற்றில் மட்டும் இருக்காது. அவற்றின் மூலப் படங்கள் டேப்லெட்டில் இன்னும் இருந்தால் இடம் வேண்டுமென்று அழிப்பதற்கு முன் கேபிள் வழியே ஒருமுறை எடுத்துவிடுங்கள்.