சங்கிலி எட்டாத தூரம்

திருக்கார்த்திகை அன்று காரைக்குடி பக்கத்தில் ஒரு வீட்டுப் பங்கு அளவை. இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று போனேன்; முடியவில்லை. மூன்று கட்டு வீடு, ஏழு பங்காளிகள், பின்கட்டுச் சுவர் ஓர் இடத்திலும் நேராக இல்லை. நான் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, முகப்புத் திண்ணையில் அகல்களை ஏற்றி முடித்துவிட்டு அந்த வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்தார். கிழக்கே முழுநிலா. அதன் பக்கத்திலேயே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நிலா வெளிச்சத்தில் மங்கலாக. ஆச்சி அதைத்தான் காட்டினார்.

“அது எம்புட்டுத் தூரம் தம்பி?”

“சுமாரா நானூத்தி நாப்பது ஒளியாண்டு ஆச்சி.”

“அம்புட்டுத் தூரத்துக்கு யாரு சங்கிலி புடிச்சா?”

சரியான கேள்வி. யார் அளந்தது, எதை வைத்து அளந்தது, எவ்வளவு பிசகலாம் என்று கேட்காமல் எந்த அளவையும் ஏற்காதீர்கள் என்றுதான் இருபது வருடங்களுக்கு மேலாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன். நிலத்துக்குப் பொருந்துவது வானத்துக்கும் பொருந்தும். அன்று ஆச்சிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சங்கிலி பிடிக்காமல் அளப்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஊரணி நிறையத் தண்ணீர் கிடக்கிறது, எதிர்க்கரையில் ஒரு கல். இந்தக் கரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடிப்போம். இரண்டிலும் கருவியை வைத்து அந்தக் கல்லைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் கோணம் 80 டிகிரி வந்தால், கல் நேர்எதிரே சுமார் 142 மீட்டரில் இருக்கிறது. தண்ணீரில் கால் நனையவில்லை. ஆனால் இரு கோணங்களும் ஒரே பக்கமாக ஒரு மினிட் பிசகினால், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, தூரம் கால் மீட்டர் மாறிவிடும். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து தொடங்கிய பெரிய அளவைப் பணியும் இதே முறைதான். அடிக்கோடு ஒன்று, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக ஏறிப்போவது.

நிலா இதைவிடச் சுலபம். என் உதவியாளர் கோலில் பிடிக்கிற பிரிசம், எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். அதே வகைக் கண்ணாடிகளை 1969இல் அப்போலோ 11இல் போனவர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்தார்கள். நம் சந்திரயான்-3 இறங்கிய இடத்திலும் ஒரு சிறிய தொகுப்பு இருக்கிறது, அது நிலாவைச் சுற்றும் கலங்கள் அளப்பதற்கு. அப்போலோ கண்ணாடிக்குப் பூமியிலிருந்து லேசர் அடித்தால் போய்வர இரண்டரை விநாடி. நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்பதே இப்படி அளந்து உறுதியானதுதான். அடுத்து 1961இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலை அனுப்பி, அதன் எதிரொலியை வைத்துச் சூரியனின் தூரத்தைத் துல்லியமாக்கினார்கள்: ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். இந்த எண்தான் வானத்துக்கு அடிக்கோடு.

பூமி சூரியனைச் சுற்றுகிறது. இன்று நிற்கிற இடத்துக்கும் ஆறு மாதம் கழித்து நிற்கப்போகிற இடத்துக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். ஊரணிக் கரையின் இரண்டு முளைகள் இவை. பக்கத்து நட்சத்திரம் ஒன்றை இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தால், வெகுதொலைவு நட்சத்திரங்களுக்கு முன்னால் அது துளி நகர்ந்திருக்கும். 1838இல் ஜெர்மானியர் பெசல், 61 சிக்னி என்ற நட்சத்திரத்தில் இந்த நகர்வை அளந்தார். கணக்குக்கு எடுப்பது அந்த நகர்வில் பாதியை; அந்தக் கோணம் ஒரு செகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செகண்ட் என்பது டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. காரைக்குடியில் நின்றுகொண்டு, பிள்ளையார்பட்டியில் ஒருவர் நீட்டிப் பிடிக்கும் ஒரு ரூபாய்க் காசைப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு. என் கருவியால் இது முடியவே முடியாது. பெசலுக்கு வந்த விடை சுமார் 10 ஒளியாண்டு. இன்றைய கணக்கு 11.4. அந்தக் காலத்துக் கருவியை வைத்து அவ்வளவு நெருங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஒளியாண்டு என்பது காலம் இல்லை, தூரம். ஒளி ஒரு வருடத்தில் ஓடுகிற சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். “இத்தனை ஒளியாண்டுகளுக்கு முன்” என்று செய்தியில் வந்தால் அது தவறு.

ஆச்சி கேட்ட கார்த்திகைக்கு வருகிறேன். 1989இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள், இந்தக் கூட்டம் 390 ஒளியாண்டு அருகில் இருப்பதாகச் சொன்னது. மற்ற முறைகளில் அளந்தவர்களுக்கு 440 அருகில் வந்தது. ஐம்பது ஒளியாண்டு இடிக்கிறது. எங்கள் தொழிலில் இதைக் குளோசிங் எரர் என்போம்: சுற்றி அளந்து தொடங்கிய கல்லுக்கே திரும்பினால் கணக்கு ஒட்டாது. அந்த நேரத்தில் பேசி முடிக்கக் கூடாது, மறுபடி அளக்க வேண்டும். அதைத்தான் செய்தார்கள். 2014இல் கண்டங்கள் தாண்டி இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்து அளந்தபோது 444 வந்தது. அப்புறம், 2013இல் ஏவப்பட்டு சுமார் 180 கோடி நட்சத்திரங்களைப் பார்த்த கையா செயற்கைக்கோளும் அதையே உறுதிசெய்தது. நான் ஆச்சிக்கு எண்ணைத் தயங்காமல் சொன்னது இந்தச் சண்டை நடந்து முடிந்ததால்தான்.

இன்னும் தூரம் போனால் கோணம் உதவாது. திண்ணையில் ஒரே எண்ணெய், ஒரே திரியுள்ள பத்து அகல்களை ஏற்றி, ஒன்றை மட்டும் தெருக்கோடியில் வையுங்கள். மங்கலாகத் தெரிவதை வைத்தே அதன் தூரத்தைச் சொல்லிவிடலாம்; இரு மடங்கு தூரத்துக்கு வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. சிக்கல், வானத்து விளக்கு எவ்வளவு பிரகாசமானது என்பதை முதலில் எப்படித் தெரிந்துகொள்வது? 1912இல் ஹென்ரியட்டா லெவிட் வழி காட்டினார். செபீட் என்ற வகை நட்சத்திரங்கள் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். அந்தச் சுழற்சிக்கு அதிக நாள் எடுப்பவை உண்மையில் அதிக ஒளி கொண்டவை என்று கண்டார். நாட்களை எண்ணினால் விளக்கின் பலம் தெரிந்துவிடும். 1923இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமிடாவில் ஒரு செபீடைப் பிடித்து, அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி கேலக்ஸி என்று நிறுவினார்.

ஆனால் அவர் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய அளவு 25 லட்சம். செபீடுகளில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது தெரியாது. 1952இல் வால்டர் பாடே அதைச் சொன்னபோது தொலைதூரக் கேலக்ஸிகள் எல்லாம் ஒரே நாளில் இரு மடங்கு தள்ளிப் போயின. அடிக்கல் தப்பானால் அதை வைத்து அளந்த அத்தனை மனையும் தப்பு. இந்த மாவட்டத்தில் எத்தனை வழக்கு அப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

செபீடும் தெரியாத தொலைவில், வெடிக்கும் வெண்குள்ளன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களின், ஒளி விளக்காகிறது. அவற்றின் எடைக்கு மேல்வரம்பு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். இப்படி ஏணிப்படியாக ஏறிப் பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளந்தால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் விநாடிக்கு 73 கிலோமீட்டர் வருகிறது. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67. இன்னும் ஒட்டவில்லை. மறுபடி அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வாட்ஸப்பிலோ செய்தியிலோ ஒரு தூரம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த முறை, அடிக்கோடு எது, கூடக் குறைய எவ்வளவு. மூன்றாவது இல்லாத வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆச்சி விடவில்லை. “மார்கழியில கும்புடுற திருவாதிரை எம்புட்டுத் தூரம்?” அதற்கு என்னால் ஒரு எண் சொல்ல முடியவில்லை, ஐநூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டுக்குள் என்றேன். அந்த நட்சத்திரம் அவ்வளவு பெரியது. அதன் உருவமே நாம் அளக்கவேண்டிய நகர்வைவிடப் பல மடங்கு அகலம், முகமெல்லாம் திட்டுத்திட்டாக மாறிக்கொண்டும் இருக்கிறது. எல்லைக்கல்லுக்குப் பதிலாக, காற்றில் ஆடும் பனை உச்சிக்கு அளவை எடுப்பது மாதிரி.

“அப்ப அது இன்னும் அளந்து முடியல” என்றார்.

“முடியல ஆச்சி.”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அணைந்திருந்த கடைசி அகலை ஏற்றப் போனார்.