துண்டு துண்டாக ஒரு போர்க்களம்

1863 ஜூலையில், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டை ஓய்ந்த கையோடு எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. பெரிய பாறையில் தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் தொப்பி, காலில் உயரமான பூட்ஸ், மடியில் படம் வரையும் தாள். பெயர் ஆல்ஃபிரட் வாட். லண்டனில் பிறந்து அமெரிக்கா போனவர். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழுக்காக உள்நாட்டுப் போரை வரைந்துகொண்டிருந்தார். படமெடுத்தவர் திமோதி ஓ'சல்லிவன்.

கேமராதான் பக்கத்திலேயே இருக்கிறதே, அப்புறம் ஓவியர் எதற்கு?

அன்றைய கேமராவுக்கு அவசரம் ஆகாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். அதற்காக இருட்டறையையே குதிரை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். தகட்டில் ஒளி விழ வேண்டிய நேரமோ சில விநாடிகள். அதற்குள் ஓடுகிற குதிரை வெறும் புகையாகிவிடும். அந்தப் போரின் புகைப்படங்களில் பிணங்களும், காட்சிக்கு நிற்கும் தளபதிகளும், காலியான மைதானங்களுமாகவே இருப்பது இதனால்தான். சண்டை இல்லை.

அப்படியே நல்ல புகைப்படம் கிடைத்தாலும் அதைப் பத்திரிகையில் அச்சிட வழியில்லை. அச்சு இயந்திரத்துக்கு மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம் என்ற இரண்டுதான் தெரியும். புகைப்படத்தின் சாம்பல் நிறம் அதற்குப் புரியாது. கோடு புரியும். ஆகவே கோடு போடத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார்.

வாட் வேலை செய்த விதத்தை அவருடைய மூலப் படங்களிலேயே பார்க்கலாம். பல நூறு படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பல படங்களுக்கு வெள்ளைத் தாள் கிடையாது, பழுப்போ வேறு மங்கல் நிறமோதான். இது கஞ்சத்தனம் இல்லை, நல்ல யோசனை. தாளின் நிறமே நடுத்தர நிழலாகிவிடுகிறது. இருட்டுக்குப் பென்சில், வெளிச்சத்துக்கு ஒரு தீற்று வெள்ளைச் சாயம், அவ்வளவுதான். பீரங்கிப் புகையை வெள்ளைத் தாளில் காட்ட வேண்டுமானால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கருப்பாக்க வேண்டும். பழுப்புத் தாளில் ஒரு தூரிகை இழுப்பு போதும். குண்டுகள் பறக்கும் இடத்தில் அந்த அரை நிமிடம் சின்ன விஷயமா?

மிச்சத்தை எழுதிவைப்பார். நகர்கிற படையை வெறும் கிறுக்கலாக விட்டுவிட்டு, இது எந்தப் படை, அந்த மேடு எது என்று ஓரத்தில் குறிப்பு. என் பார்வையில் அந்தத் தாள் பாதி ஓவியம், பாதி கடிதம். அதைப் படிக்க வேண்டியவர்கள் நியூயார்க்கில் அச்சுக்காக மர பிளாக் செதுக்கும் தொழிலாளிகள்.

படம் தபாலிலோ ஆள் கையிலோ நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு ஓவியர் அதைப் பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தின் கட்டையின் மேல் மறுபடி வரைவார், இடவலம் மாற்றி. அப்படி மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக வரும். சாதாரணப் பலகையில் செதுக்கினால் நாரோடு போகும்போது உளி வழுக்கும், குறுக்கே போகும்போது சிராய் பெயரும். அதனால் மரத்தைக் குறுக்காக அறுத்து, நார்களின் முனைகள் மேல்பார்த்து நிற்கும் முகத்தை எடுத்தார்கள். அந்த முகத்தில் உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வெட்டும். மயிரிழைக் கோடும் நிற்கும். வெள்ளையாக வர வேண்டிய இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டால், மேடாக மிஞ்சுவதில் மை ஒட்டும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரமேதான். அதனால் செய்தியோடு சேர்த்தே பூட்டி ஒரே ஓட்டத்தில் அச்சிடலாம்.

ஆனால் பாக்ஸ்வுட் ஒல்லி மரம். அதைக் குறுக்காக அறுத்தால் உள்ளங்கை அகலத்துக்குத்தான் துண்டு கிடைக்கும். பத்திரிகைப் பக்கத்துக்கு எங்கே போவது? பல துண்டுகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கி ஒரே கட்டையாக்கினார்கள். வரைந்து முடித்ததும் போல்ட்டைக் கழற்றி ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவர் கையில் வானம், இன்னொருவர் கையில் குதிரையின் முன்பாதி, மூன்றாமவர் கையில் பின்பாதி. ஒரே ஆள் பல நாள் செய்ய வேண்டியதை இரவோடு இரவாக முடித்துவிடலாம். சேர்த்துப் பூட்டிய பிறகு தலைமைச் செதுக்குநர் இணைப்புகளைத் தாண்டிப் போகும் கோடுகளை ஒட்டவைப்பார்.

லட்சக்கணக்கில் அச்சடித்தால் மரம் தேயும். அதனால் கட்டையை மெழுகில் அழுத்தி, மின்சாரம் பாய்வதற்காக அந்த அச்சின்மேல் கிராஃபைட் தூள் தூவி, தாமிர சல்பேட் தொட்டியில் தொங்கவிடுவார்கள். மெல்லிய செப்புத் தோல் படியும். அதற்குப் பின்னால் ஈயம் வார்த்தால் இயந்திரத்துக்குத் தயார்.

இத்தனை கை மாறியதில் வாட் பார்த்தது எவ்வளவு மிஞ்சியது? செதுக்கியவர்களில் பலர் போர்க்களத்தை மிதித்ததே இல்லை. கிறுக்கலாக விட்ட இடத்தை வழக்கமான சிப்பாய்களால் நிரப்பினார்கள். நாலு காலையும் நீட்டிக் காற்றில் பறக்கும் குதிரை அன்றைய ஓவியர்களின் பொதுச் சொத்து. குதிரை அப்படி ஓடுவதே இல்லை என்று எட்வர்ட் மைபிரிட்ஜின் கேமராக்கள் காட்டியது 1878இல்தான். வாட்டின் மூலப் படத்தையும் அச்சானதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் மூலம்தான் பிடிக்கும். 1864 மே மாதம், வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டுச் சண்டையின் நடுவே தீப்பிடித்தபோது காயம்பட்டவர்களைப் போர்வையில் தூக்கி வருவதை வரைந்திருக்கிறார். அதன் அவசரமான பென்சில் கோட்டில் இருக்கும் பதற்றம் உளிக்கு வராது.

1880களில் புகைப்படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் வந்து இந்தத் தொழிலை மெல்ல விழுங்கியது. நம் ஊர்ப் பழைய அச்சகங்களில் ‘பிளாக் எடுக்க வேண்டும்’ என்பார்களே, அது பெரும்பாலும் இந்தப் புள்ளி பிளாக்தான்.

ஹார்ப்பர்ஸ் வீக்லியின் பழைய இரட்டைப் பக்கப் படம் கிடைத்தால் பெரிதாக்கி வானத்தைப் பாருங்கள். இணையாக ஓடும் கோடுகள் ஓரிடத்தில் சட்டென்று அறுபட்டு, மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கீற்று போகும். இரண்டு கட்டைகள் அங்கே சரியாகச் சேரவில்லை.