மோவாபுக்கு முதல்முறை சைக்கிளோடு போகிறவர்கள் மைலை எண்ணாதீர்கள்

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் மணிக்கட்டு கேஸ்கள் கூடிவிடும். நான் சால்ட் லேக் சிட்டியில் பிசியோதெரபிஸ்ட். இங்கிருந்து காரில் நாலு மணி நேரம் தெற்கே போனால் மோவாப். யூட்டாவின் செம்பாறைப் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் ஒருமுறையாவது போய்வர ஆசைப்படும் இடம். மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் நம் ஆட்களும் இரண்டு மூன்று குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆற்றங்கரைத் தார்ப்பாதையில் ஓட்டிப் பழகிய தைரியம்தான் முதலீடு.

கையில் கட்டோடு வந்து உட்காருகிறவர்களிடம் எந்த டிரெயில் என்று கேட்டால், அடிக்கடி காதில் விழும் பெயர் ஸ்லிக்ராக். "பத்து மைல்தானேன்னு நினைச்சோம் மேடம்" என்பார்கள். அந்தத் தடம் 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் பாறைமேல் குறிக்கப்பட்டது. வெள்ளைக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறி, அதே வேகத்தில் சரிய வேண்டும். போட்டோவில் பாறை வழவழவென்று மெத்தை போலத் தெரியும், அதை நம்பித்தான் போகிறார்கள். அங்கேயே 'பிராக்டிஸ் லூப்' என்று இரண்டு மைல் சொச்சத்துக்கு ஒரு சுற்று உண்டு. பெயரில்தான் பயிற்சி, ஏற்ற இறக்கமெல்லாம் பெரிய சுற்றுக்கு ஈடுதான்.

பாலைவனத்தில் தூரம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள்: இந்தத் தடத்தில் சுற்றிப் போக வழியில்லாத மிகப் பெரிய படி எவ்வளவு உயரம்? பாதியில் முடியவில்லை என்றால் எப்படி வெளியே வருவது?

முதல் கேள்விக்கு, தடம் எவ்வளவு கடினம் என்று காட்டும் வண்ணக் குறியீடே பாதி பதில் தந்துவிடும். சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, பச்சை வட்டம் போட்ட எளிய தடத்தில் தவிர்க்க முடியாத தடை 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்த நிலையான நீலச் சதுரத்தில் அது 8 அங்குலம் வரை போகலாம். வீட்டு மாடிப்படி ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த விளிம்பில் புதியவர் என்ன செய்வார்? பயந்து முன் பிரேக்கை இறுக்குவார். சீட் உயரத்தில் இருக்கும், உடம்பின் பாரம் முன்னால் இருக்கும். முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். கையை நீட்டித்தான் விழுவார். அதனால் முதல் நாள் பச்சை மட்டும். ஒரு நாள் முழுக்கப் பச்சையில் ஓட்டியும் தெம்பு மிச்சமிருந்தால், மறுநாள் காலை நீலத்தில் ஒரு துண்டு. வாடகை சைக்கிளில் சீட்டை இறக்கும் விசை ஹேண்டில்பாரிலேயே இருந்தால், கடை வாசலிலேயே நாலு முறை அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஊருக்கு வடக்கே 191-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி 'மோவாப் பிராண்ட்ஸ்' என்ற தடங்கள் இருக்கின்றன. லேஸி, ஈஸி, ரஸ்டி ஸ்பர், பார் எம் என்று குட்டிக் குட்டிச் சுற்றுகள். எங்கே அலுத்தாலும் கார் நிறுத்திய இடம் பக்கத்தில்தான். ஊர்ப்பக்கம் திரும்ப சாலையை ஒட்டித் தார்போட்ட சைக்கிள் பாதையும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதல் நாளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்கா. அங்குள்ள இன்ட்ரெபிட் தடங்கள் 2009-இல் திறக்கப்பட்டவை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுமார் 1, 4, 9 மைல் சுற்றுகளாக அமைத்திருக்கிறார்கள். போகப் போகத்தான் முடிவெடுக்க வேண்டும், முன்கூட்டியே மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. பள்ளத்தாக்கின் விளிம்புக் காட்சி வேறு இலவசம் (நுழைவுக் கட்டணம் உண்டு, அது வேறு விஷயம்). பூங்காவுக்குத் தண்ணீரே மோவாபிலிருந்து லாரியில்தான் வருகிறது. ஊரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, சாலைகளில் மட்டும்தான்.

தண்ணீர் பற்றிச் சொன்னேன் அல்லவா. சென்னையில் சட்டை முதுகில் ஒட்டினால்தான் வியர்க்கிறது என்று நமக்குத் தெரியும். மோவாபில் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், நாம் ஏமாந்துவிடுவோம். மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கணக்கு வையுங்கள், கூடவே உப்பு சேர்ந்த தீனியும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதங்களில் புதியவர்கள் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. போயே தீருவேன் என்றால் விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். கோடையின் பிற்பகுதியில் இடிமழையும் வரும். தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும் எங்கோ பெய்த மழை காய்ந்த ஓடையில் திடீரென்று பாய்ந்து வரும். ஓடைக்குள் நின்று இளைப்பாறாதீர்கள்.

சைக்கிள் கடைக்காரரிடம் "இன்றைக்கு எந்தத் தடத்தில் மணல் அதிகம்?" என்று கேளுங்கள். மழை பெய்து நாளானால் பச்சைத் தடத்திலும் முன்சக்கரம் புதையும். புதைந்தால் ஹேண்டிலைத் திருப்பாமல், பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள். இறங்கித் தள்ளினாலும் தடத்திலேயே தள்ளுங்கள். ஓரத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண் உயிருள்ளது, ஒரு மிதிக்கு அது தேறப் பல ஆண்டுகள் ஆகும். ஓரங்களில் நெருஞ்சியும் உண்டு. ஆமாம், நம்மூர் நெருஞ்சிதான், அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் சைக்கிள்காரர்களின் எதிரி. டயருக்குள் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிய ட்யூப்லெஸ் வண்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விழலாம். விழுந்த கையில் கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் சுரீரென்றால் அது வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காதீர்கள். மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். படம் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் வலி இருந்தால் கட்டை அவிழ்க்காமல், 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை சைக்கிள் வேண்டாம். நீங்களாகத் தேய்த்து நீவிவிடுவதும் வேண்டாம்.