ஸ்டீல்ஹெட்டுக்கு மெல்லிய நரம்பு கட்டாதீர்கள்

தாடையோரத்தில் ஒரு தூண்டில் முள். அதிலிருந்து தொங்கும் ஆறடி நரம்பு (தூண்டிலின் நைலான் இழை), நடுவே இரண்டு முடிச்சுகள், மேல் நுனியில் முறுக்குப் போலச் சுருண்ட பிசிறு. இந்தக் கோலத்தில் ஸ்டீல்ஹெட் மீன்கள் ஒவ்வொரு பருவத்திலும் கைக்கு வருகின்றன. யாரோ ஒருவர் அதைப் பிடித்து, பாதி வழியில் இழந்து, "பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். மீன் அறுக்கவில்லை. நுனி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். நுனி வெளுத்து, உரசி, நார்நாராக இருந்தால் கல்லில் தேய்ந்த நரம்பை மாற்றாமல் வீசியிருக்கிறார்கள். இரண்டுமே கட்டியவரின் கவனக்குறைவு.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரௌட். பசிபிக் சால்மன் போல ஒரு முறை முட்டையிட்டதும் செத்துவிடும் இனமல்ல. பிழைத்தால் கடலுக்குப் போய் மறுபடி வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டு ஸ்டீல்ஹெட்டைக் கட்டாயம் திரும்ப விடவேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தாம்ப்சன், சில்கோட்டின் ஆறுகளுக்கு வரும் கூட்டங்கள் அழியும் தறுவாயில் இருப்பதாகக் கனடாவின் நிபுணர் குழு 2018-ல் அவசர மதிப்பீடு செய்தது. எண்ணி எடுக்கும் அளவுக்கு மீன் வரும் ஆறுகளில், நாம் கட்டும் ஒரு முடிச்சுக்கும் கணக்கு உண்டு.

இனி, சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்த நம்பிக்கைக்கு வருகிறேன்: "நரம்பு மெலிசா இருந்தாத்தான் கடிக்கும்."

இது ட்ரௌட் பிடிப்பவர்களிடமிருந்து வந்தது. அங்கே அது சரி. தெளிந்த, மெதுவாக நகரும் நீரில் ஒரே இடத்தில் நின்று, மேலே மிதந்து வரும் கொசு அளவுப் பூச்சியை நிதானமாகப் பார்த்துத் தின்னும் மீன் அது. தடித்த நரம்பு, அந்தப் பூச்சியைப் போல முள்ளில் கட்டிய சின்ன ஃப்ளையை இழுத்து, மிதப்பைக் கெடுத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை. ஆற்றில் அது பெரும்பாலும் பசிக்காகத் தின்பதில்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இறகும் மினுக்கும் கட்டிய ஃப்ளை நீரோட்டத்துக்குக் குறுக்கே ஆடி வரும்போது, தன் இடத்துக்குள் நுழைந்த ஒன்றை அடிப்பதைப் போலப் பாய்ந்து கவ்வும். அங்கே உட்கார்ந்து நரம்பின் தடிமனை அளப்பதற்கு நேரமில்லை. குறுக்கே ஆடவிடும் முறையில் லைன் (நரம்புக்கு மேலே வரும், வீசுவதற்கான தடித்த கயிறு) எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும். கெடுவதற்கு மிதப்பு என்று எதுவும் கிடையாது.

கணக்கையும் பாருங்கள். மாக்சிமா அல்ட்ராகிரீன் என்ற வகையில் 12 பவுண்டு (அவ்வளவு இழுப்பைத் தாங்கும்) நரம்பின் தடிமன் 0.33 மி.மீ.; 8 பவுண்டு 0.25 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் மூன்றடி ஆழம்கூடத் தெரியாத பச்சைத் தண்ணீரில் இந்த வித்தியாசம் மீனுக்குத் தெரிகிறது என்று நம்பி, 6 பவுண்டு நரம்பில் பத்துப் பவுண்டு மீனோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டுகிறார்கள். மெல்லிய நரம்பில் அழுத்தம் கொடுக்க முடியாது. அழுத்தம் கொடுக்காவிட்டால் மீன் ஓடிக்கொண்டே இருக்கும். தசை முழுக்க அமிலம் ஏறிய மீன், கையிலிருந்து நழுவி நீந்திப் போகும்போது நன்றாகத்தான் தெரியும். பிறகு ஏதோ ஒரு மடுவில் வயிறு மேலாகக் கிடக்கக்கூடும். விட்டவர் அதைப் பார்க்கப்போவதில்லை.

கோடைக் கடைசியில் ஆறு வற்றித் தண்ணீர் கண்ணாடியாக இருந்தால் 8 பவுண்டு வரை இறங்கலாம். அதற்குக் கீழே வேண்டாம்.

லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் நரம்புதான் லீடர். மிதக்கும் லைனுக்கு அது நான்கு துண்டு போதும். மேலே 25 பவுண்டு (0.50 மி.மீ.) நான்கு அடி. அடுத்து 20 பவுண்டு (0.43) இரண்டு அடி. பிறகு 15 பவுண்டு (0.38) ஒன்றரை அடி. கடைசியில் ஃப்ளையைக் கட்டும் நுனித் துண்டான டிப்பெட், 12 பவுண்டு (0.33) இரண்டரை அடி. மொத்தம் பத்து அடி. எட்டு, ஒன்பது எடை (கம்பின் வலுவைக் குறிக்கும் எண்) ஒற்றைக்கைத் தூண்டில் கம்புக்கும் இரு கையால் வீசும் பதின்மூன்று அடி ஸ்பே கம்புக்கும் இதுவே பொருந்தும். காற்று பலமாக இருந்தாலோ ஃப்ளை பெரிதாக இருந்தாலோ, மேலே 30 பவுண்டில் இரண்டடி சேர்த்து, 25-ஐ இரண்டடியாகக் குறையுங்கள். நான்கு துண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை நரம்பில் கட்டுங்கள். உறையில் போட்டிருக்கும் பவுண்டை மட்டும் நம்பவேண்டாம். ஒருவரின் 12 பவுண்டு இன்னொருவரின் 8 பவுண்டு தடிமனில் இருக்கும். முடிச்சைப் பிடித்து நிறுத்துவது தடிமனும் விறைப்பும்தான்.

அடுத்தடுத்த துண்டுகளின் தடிமனில் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. 25 பவுண்டை நேராக 12-ல் கட்டினால் வீச்சு அந்த இடத்தில் கதவுக் கீல் போல மடங்கும். இரு துண்டுகளைச் சேர்க்கும் பிளட் நாட் முடிச்சும் அங்கே வழுக்கும். பிளட் நாட்டுக்கு இரு பக்கமும் ஐந்து சுற்று, 25 பவுண்டில் மட்டும் நான்கு. இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். தயவுசெய்து நனையுங்கள். காய்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உராயும் சூட்டிலேயே அது பலம் இழந்துவிடும். மெதுவாக, ஒரே இழுப்பில், சுற்றுகள் வரிசையாகப் படியும் வரை இறுக்குங்கள். ஒரு சுற்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். விரல் மரத்துப்போகும் குளிரில் பிளட் நாட் வராவிட்டால் டபுள் சர்ஜன் முடிச்சுப் போடலாம்: இரண்டு துண்டையும் அரை அடிக்குச் சேர்த்துப் பிடித்து, வளையம் செய்து, இரண்டு முறை உள்ளே விட்டு, நான்கு முனையையும் சமமாக இழுக்கவேண்டும். டிப்பெட்டை மாற்ற இதுவே வேகமான வழி.

மேல் முனையில் பெர்ஃபெக்‌ஷன் லூப் என்ற வளைய முடிச்சு. அதை லைனின் வளையத்தில் மாட்டும்போது பலர் தவறுகிறார்கள். இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று சமமாகப் பிணைந்து, சதுர முடிச்சுப் போலப் படியவேண்டும். ஒரு வளையம் இன்னொன்றின் கழுத்தைச் சுற்றி இறுகினால், நரம்பு லைனின் மேலுறையைக் கத்திபோல அறுக்கும். ஃப்ளையைக் கட்ட நான்-ஸ்லிப் லூப் என்ற இறுகாத வளைய முடிச்சு, 12 பவுண்டில் ஐந்து சுற்று. ஃப்ளை தாராளமாக அசையும்.

அறுந்தே தீரும் என்றால் அது ஃப்ளையின் பக்கத்திலேயே அறுகட்டும். அப்போது மீனோடு போவது ஒரு முள் மட்டும்தான். அதனால்தான் டிப்பெட்டை மற்ற எல்லாவற்றையும்விடப் பலம் குறைந்ததாக வைக்கிறோம், மேல் முடிச்சுகளை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். "அறுக்கவே கூடாது" என்று 25 பவுண்டை நுனிவரை கட்டுபவர்களும் உண்டு. பல ஃப்ளை லைன்களின் உள்நூலே ஏறக்குறைய அந்தப் பலம்தான். முள் அடியில் கட்டையில் மாட்டினால் லீடர் தப்பிவிடும், லைன் போகும்.

லைனின் நுனியில் மாட்டும் கனமான மூழ்கும் டிப்புக்கு இத்தனை வேலையே இல்லை. டி-8, டி-11, டி-14 (எண் கூடினால் கனம் கூடும்) எதுவானாலும், 12 அல்லது 15 பவுண்டு நரம்பு ஒரே துண்டு, மூன்றிலிருந்து நான்கு அடி. மேலே ஒரு வளையம், கீழே ஃப்ளை, முடிந்தது. இங்கே ஒன்பது அடி லீடரைக் கட்டி, "அடிக்குப் போகவே மாட்டேங்குது" என்று டிப்பைக் கனமாக்கிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். டிப் ஏற்கெனவே அடிக்குப் போய்விட்டது. நீளமான நரம்பில் ஃப்ளை மட்டும் மேலே மிதந்து நிற்கிறது. நரம்பை வெட்டுங்கள், டிப்பை மாற்றவேண்டாம்.

கடலுக்குப் பதில் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் வளர்ந்து ஆற்றுக்கு வரும் ஸ்டீல்ஹெட்டுக்கு, டொரோண்டோவுக்கு அருகே கனரஸ்கா, கிரெடிட் போன்ற ஆறுகளில், மிதவையின் கீழ் நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃப்ளை) தொங்கவிடுவது வழக்கம். அங்கே படிப்படியாக மெலியும் லீடர் உதவாது. தடித்த பகுதி தண்ணீரில் மெதுவாக மூழ்கும். மிதவைக்கு மேலே 20 பவுண்டு மூன்றடி, கீழே நேராக 8 பவுண்டு, ஆழத்தின் ஒன்றேகால் மடங்கு. இரண்டையும் சின்ன சுழலியில் இணைத்தால் தடிமன் பிரச்சினையும் தீர்ந்தது.

பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒரு முறை நுனி மூன்றடியை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டுங்கள். வீச்சில் தானாக விழுந்த ஒற்றை முடிச்சை அவிழ்க்க உட்காராதீர்கள். அது இறுகிய இடத்தில் நரம்பின் பலம் பாதிவரை போயிருக்கும். ஒரு மீன் பிடித்த பிறகு ஃப்ளையை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். நைலான் வெயிலில் கெடும், ஆகவே காரின் கண்ணாடிக்குக் கீழே கிடந்த சுருளைத் தொடவே வேண்டாம். வாங்கிய தேதியைச் சுருளிலேயே எழுதுங்கள், போன வருட டிப்பெட்டை இந்த வருடம் வீசாதீர்கள்.

முள் ஒற்றையாகவும் பார்ப் (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) இல்லாமலும் இருக்கட்டும். பிரிட்டிஷ் கொலம்பிய ஆறுகளில் அதுதான் சட்டம். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். பிடித்த மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில், விடவேண்டிய ஸ்டீல்ஹெட்டை முழுதாக வெளியே தூக்குவதே குற்றம். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டவேண்டாம், உதட்டோடு ஒட்டி நரம்பை வெட்டுங்கள். வெட்டிய துண்டுகள் எல்லாம் சட்டைப்பைக்குள் போகட்டும். கரையில் கிடக்கும் நரம்பில் கால் சிக்கிச் சாகும் பறவைகள் உண்டு. மீனை வாலருகே நனைந்த கையால் பிடித்து, தலை நீரோட்டத்தைப் பார்க்க நிறுத்துங்கள். அது தானாக உதைத்துக்கொண்டு போகும் வரை காத்திருங்கள்.