உப்புக்காற்று சர்க்யூட் போர்டுக்குள் என்ன செய்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்தைத் தாண்டிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்தத் தீபாவளிக்கு, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் சின்னக் கடையில்கூட ஏசி விசாரிப்பு கூடிவிட்டது. எத்தனை ஸ்டார், எத்தனை டன், செல்போனிலிருந்து இயக்கலாமா என்றெல்லாம் கேட்டார்கள். அவுட்டோர் யூனிட் உப்புக்காற்றைத் தாங்குமா என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கரையில் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

அலை உடையும்போது நுரைக்குமிழ்கள் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் வற்றினால் உப்புத் துகள் மிச்சம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும், வாடையில் பாக் விரிகுடாப் பக்கமிருந்து வரும். பாம்பன், ராமேசுவரம்காரர்களுக்கு இதில் ஓய்வே கிடையாது.

காய்ந்த உப்பு சும்மா கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அது காய்ந்தே கிடப்பதில்லை. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் ஆனதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். அடுப்படியில் கல் உப்புச் சாடி கசிவது இதனால்தான். நம் ஊர்க் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஆக, ஒரு சொட்டு மழை படாத செட்டாப் பாக்ஸுக்குள்ளும் மெல்லிய உப்புநீர்ப் படலம் படிந்துவிடும். மழையில் நனையும் பொருளிலிருந்தாவது உப்பு அவ்வப்போது கழுவிப் போகிறது. கூரைக்கு அடியில் இருப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போர்டில் செம்புத் தடம், சால்டரில் வெள்ளீயம், கனெக்டர் முனைகளில் நிக்கலும் தங்க முலாமும் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டபடி உப்புநீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம். எலக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் கரையும். ஏசி அவுட்டோரில் செம்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள். அங்கே பலியாவது அலுமினியம்.

இதோடு டிசி மின்னழுத்தமும் சேர்ந்தால் சேதம் இன்னும் வேகம். பிளஸ் பக்கத்து உலோகம் அயனியாகக் கரைந்து, படலத்தின் வழியே நகர்ந்து, மைனஸ் பக்கத்தில் மறுபடி உலோகமாகப் படிகிறது. சீராகப் படியாது, கிளைவிட்டு எதிர்ப்பக்கம் நோக்கி வளரும். பல சிப்புகளின் கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. இழை எட்டிவிட்டால் ஷார்ட். சில சமயம் அந்த இழையே எரிந்து அறுந்துபோக, பெட்டி மறுபடி ஓடும். "தட்டினேன், சரியாயிடுச்சுண்ணே" என்பவர்களின் கைராசியில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

டிஷ் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிக்னல் கீழே இறங்குவது மட்டுமில்லை, பாக்ஸிலிருந்து மேலே, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட்டும் ஏறுகிறது. நடுக்கம்பி பிளஸ். ஈரம் புகுந்த கனெக்டரில் அதன் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகும். பல கேபிள்களில் அந்தச் செம்பு எஃகின் மேல் போட்ட பூச்சுதான். அது போனதும் உள்ளே துரு. டிஷ்ஷைத் திருப்ப ஆள் தேடுவதற்கு முன்னால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, ஈரம் புகாத ரப்பர் டேப் சுற்றிப் பாருங்கள்.

போன் கடலில் விழுந்தாலும் இதே கதைதான், ஆனால் நிமிடக் கணக்கில். கடல்நீர் குடிநீரைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். உடனே அணைக்க வேண்டும், சார்ஜ் போடவே கூடாது. அரிசி டப்பாவில் புதைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிசி உப்பை எடுக்காது. அணைத்த போனின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் அலசிக் கடைக்குக் கொண்டுபோனால், திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவுவார்கள். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 குறி போட்டிருக்கிறதே என்றால், அது நன்னீரில் செய்த சோதனை.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்தி அரிமானத்தை அளக்க எங்கள் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உப்புநீர் உலோகத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் தத்துவம். போர்டின் மேல் அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பூச்சு, ஏசித் தகட்டின் மேல் நீலப் பூச்சு எல்லாம் அதற்குத்தான். வாங்கும்போது இவை இரண்டும் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், மெயினை அணைத்துவிட்டு அவுட்டோர் தகட்டை அடிக்கடி நல்ல தண்ணீரில், அழுத்தமில்லாமல் கழுவுங்கள்.

வெளிநாட்டுக்குப் போய் வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைப்பவர்கள் கீழக்கரைப் பக்கம் நிறைய. டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போவார்கள். ஓடும் டிவி தன் சூட்டில் ஈரத்தை விரட்டும். பிளக் கழற்றிய டிவியில் மின்னழுத்தமே இல்லை. ஸ்டாண்ட்பையில் இருப்பதற்குச் சூடு போதாது, ஆனால் போர்டின் ஒரு பகுதியில் மின்னழுத்தம் இரவும் பகலும் நிற்கும். ஊருக்குக் கிளம்பும்போது பிளக்கையே உருவிவிடுங்கள்.