வீட்டில் செய்த சாமான் தடுப்பைக் காரில் மாட்டலாமா? விதிகள் சொல்வது என்ன?

ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி., ஏழு பேர் உட்காரும் வேன் போன்ற வண்டிகளில் டிக்கிக்கும் பின் சீட்டில் இருப்பவரின் தலைக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. சீட் முதுகுக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெட்டி, வண்டி மோதி நின்றால் அதே வேகத்தில் முன்னால் வரும். அதைத் தடுக்க இரும்புச் சட்டம் அடித்து, கம்பி வலை பற்றவைத்து, வீட்டிலேயே ஒரு தடுப்பு செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இது சட்டப்படி சரியா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.

வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தடுப்பைத் தடைசெய்யும் விதியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அந்தத் தடுப்பு வண்டியில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதை மாட்ட எதைத் துளைத்தீர்கள், எதைக் கழற்றினீர்கள், எதை மறைத்தீர்கள் என்பதையெல்லாம் விதிகள் விடாமல் கேட்கும். பொருத்தும் வேலையில் தப்பு நடப்பதும் இதே இடங்களில்தான். ஆகவே சட்டத்தையும் வேலையையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில், தொழிற்சாலைத் தடுப்புக்கு என்ன சோதனை என்று தெரிந்துகொள்வது நல்லது. கார் சீட்டுகளின் வலிமைக்கு ஐ.நா. ஒழுங்குமுறை எண் 17 என்று ஒன்று உண்டு. ஐரோப்பா உட்படப் பல நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. அதன்படி, பின் சீட்டுக்குப் பின்னால் 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை வைப்பார்கள். ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் 30 செ.மீ. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பதற்குச் சமமான அதிர்ச்சியைக் கொடுப்பார்கள். சீட் முதுகு கொஞ்சம் வளையலாம். பூட்டு விட்டுவிடக் கூடாது, குறித்த எல்லையைத் தாண்டி முன்னால் வரவும் கூடாது. சீட்டுக்கு மேலே தடுப்பும் சேர்ந்து வரும் வண்டி என்றால், அந்தத் தடுப்புக்காக 10 கிலோ கட்டை ஒன்று மேலே கூடுதலாக வைக்கப்படும்.

18 கிலோ என்றால் ஒரு சூட்கேஸ்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் தள்ளும். அந்த 18 கிலோ அப்போது 360 கிலோ பாரம். 30 கிலோ கருவிப்பெட்டி 600 கிலோ. கையால் ஆட்டிப் பார்த்து "நல்லா கெட்டியா இருக்கு" என்று சொல்லும் சோதனை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

கார், ஸ்டேஷன் வேகன் வகைகளில் சரக்கைக் கட்டிப்போடுவதற்கு ஐ.எஸ்.ஓ. 27955 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. டெலிவரி வேன்களுக்கு ஐ.எஸ்.ஓ. 27956. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சாமான் தடுப்புக்கென்றே ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 4034 என்று தனித் தரநிலை வைத்திருக்கின்றன. கடையில் வாங்கும்போது இந்த எண்களில் ஒன்று அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நாய் முன்னால் தாவாமல் இருக்க, கூரைக்கும் தரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் குழாய்க் கம்பித் தடுப்பு வேறு வகை. அதையும் சாமான் தடுப்பையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம்.

சரி, வண்டி வாங்கியபின் நாமே மாற்றினால் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 52தான் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. மாற்றம் என்றால் எது என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தொழிற்சாலை விட்டுவைத்த துளைகளிலேயே போல்ட் போட்டு, வேண்டும்போது கழற்றக்கூடிய வலை இதில் சிக்குவது கடினம் என்பது என் கருத்து. ஆனால் தடுப்புக்கு இடம் வேண்டும் என்று மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றிப் போட்டால் கதை வேறு. சீட் எண்ணிக்கை பதிவுச் சான்றில் இருக்கும் விவரம். அங்கே ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

ஜெர்மனியில் அணுகுமுறை இன்னும் நேரடியானது. மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடிய மாற்றம் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போய்விடும். அங்குள்ள சாலை விதி இன்னொன்றும் சொல்கிறது: முழு பிரேக் அடித்தாலும் சட்டென்று வளைத்துத் திருப்பினாலும் சரக்கு நகராதபடி வைக்க வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேட்டில் விதி 57, வண்டியில் போகும் நாயைப் பெல்ட், கூண்டு அல்லது தடுப்பு ஒன்றால் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு விநோதம். பாதுகாப்புக் கருவிகளைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற மத்தியச் சட்டம் தயாரிப்பாளர், விற்பனையாளர், வாடகை நிறுவனம், பழுதுபார்க்கும் கடை ஆகியோரைக் கட்டுப்படுத்துகிறது. சொந்த வண்டியில் தானே வேலை செய்யும் உரிமையாளரை அல்ல. அதே வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்கள் மறுக்கக்கூடும், மாநிலச் சட்டங்கள் தனி. சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பதால் ஏர்பேக் உங்களை விட்டுவைக்காது, அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது பிடிமானத்துக்கு வருவோம். போல்ட் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். தலையில் 8.8 என்று பொறித்த 8 மி.மீ. போல்ட் ஒன்றே 2 டன்னுக்கு மேல் இழுவை தாங்கும். அது போய் உட்காரும் காரின் தகடோ பெரும்பாலும் 1 மி.மீ. தடிமன்கூட இல்லை. மோதலில் போல்ட் உடைவதற்கு முன் தகடு கிழிந்து, போல்ட் நட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். வெறும் தகட்டில் சுய-துளை ஸ்க்ரூ, ரிவெட் போட்டு நிறுத்தும் தடுப்புக்கு அந்த நொடியில் மதிப்பே இல்லை. உண்மையைச் சொன்னால், அதுவும் ஒரு சாமானாகப் பறந்து வரும்.

அதனால் முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் வலைத் தடுப்பு மாட்டவே கூரை ஓரத்தில் சின்ன மூடிகளுக்கு அடியில் துளைகள் இருக்கும். டிக்கி தரையில் கட்டுவதற்கான வளையங்கள் இருக்கும். இவை உள்ளே வலுவூட்டிய இடங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு முனையிலாவது பிடிக்க வேண்டும். மேலே மட்டும் பிடித்துக் கீழே தொங்கவிட்டால் கீழ்விளிம்பு சீட் முதுகைக் குத்தும்.

அப்படித் துளை இல்லாத வண்டியில் புதிதாகத் துளைக்க வேண்டி வந்தால், தகட்டுக்கு மறுபக்கம் உள்ளங்கை அளவு எஃகுத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். அதற்கு முன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். தரைக்கு அடியில் எரிபொருள் டேங்கும் பிரேக் குழாயும் ஓடலாம். மின்சார வண்டி, ஹைப்ரிட் என்றால் பேட்டரியே அங்கே இருக்கலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வண்டிக்குள் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சட்டத்தை வெளியே பற்றவைத்துக் கொண்டுவந்து போல்டால் மாட்டுவதே முறை.

துளையிடக் கூடாத இடம் ஒன்று உண்டு: கூரை ஓரம். திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அது மடித்த நிலையில் ஜன்னல்களுக்கு மேல் நீளமாகக் கிடக்கும், பின் தூண் வரைக்கும் போகும். வெடிமருந்து அல்லது அழுத்தவாயுவால் விரியும் அதன் கருவியும் அந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். தூண் மேல் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். துளைக்காவிட்டாலும், சட்டத்தின் முனை அது விரிந்து இறங்கும் வழியில் நின்றால் பை கிழியும் அல்லது கோணிக்கொள்ளும். தயாரிப்பாளர் கொடுத்த மேல் துளைகள் இதையெல்லாம் பார்த்தே வைக்கப்பட்டவை. நம் கண்ணளவு அப்படி இல்லை.

சீட் பெல்ட் போல்டையும் தொடாதீர்கள். ஐ.நா. ஒழுங்குமுறை எண் 14 கார்களின் மூன்று முனை பெல்ட் பிடிமானத்தைச் சோதிக்கும்போது தோள் பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் ஒரே நேரத்தில் தலா 1.35 டன் எடைக்குச் சமமாக இழுக்கிறது. அந்தப் போல்டைக் கழற்றி நடுவே நம் தகட்டைச் செருகினால் மரை பிடிக்கும் ஆழம் குறையும், பெல்ட் சுழலும் கோணமும் மாறும். அப்புறம், குழந்தை சீட்டின் மேல் பட்டை. அது பின் சீட் முதுகைத் தாண்டிப் போய் சீட்டின் பின்புறத்திலோ தரையிலோ கூரையிலோ உள்ள கொக்கியில் மாட்டும். தடுப்பு வந்ததும் அந்தக் கொக்கியை எட்ட முடியாமல் போவது அடிக்கடி நடப்பது. பட்டையைத் தடுப்புக் கம்பியிலேயே மாட்டிவிடுவது அதைவிட மோசம். பட்டை நேராகப் போக வழி விட்டே சட்டத்தை வடிவமைக்க வேண்டும். குழந்தைக்கான கொக்கியைத் தடுப்பின் பிடிமானமாகவும் பயன்படுத்தக் கூடாது.

பொருள் விஷயத்தில் சுருக்கமாக: மரப்பலகையும் பி.வி.சி. குழாயும் சிதறிக் கூரான துண்டுகளாகும், தவிர்த்துவிடுங்கள். எஃகுச் சட்டம், பற்றவைத்த வலை, பின்கண்ணாடி வழியே பார்வை மறையாத அளவு இடைவெளி. தலை படக்கூடிய விளிம்புகளுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை எண் 21 குறைந்தது 2.5 மி.மீ. வளைவு கேட்கிறது, வெட்டிய கம்பி முனை எதுவும் ஆட்கள் பக்கம் நீட்டக் கூடாது. சீட் முதுகுக்கும் தலையணைக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விடுங்கள், சட்டம் மோதலில் வளையும்.

தடுப்புக்குப் பின்னால் ஆள் உட்காரக் கூடாது, ஐந்து நிமிடப் பயணத்துக்கும். பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாத வண்டியில் அது பூட்டிய கூண்டு.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் உங்கள் தடுப்பு மோதல் சோதனையைப் பார்த்ததில்லை. ஆகவே அது இல்லாததுபோலவே சாமானை ஏற்றுங்கள்: கனமானது தரையில், சீட் முதுகை ஒட்டி, வளையங்களில் பட்டை போட்டு இறுக்கி, லேசானது மட்டும் மேலே. பின் சீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அந்த சீட் பெல்ட்டுகளைக் குறுக்காக மாட்டிவைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. சீட் முதுகுக்கு அது கூடுதல் பிடி, செலவும் இல்லை.

கடைசியாகக் காகித வேலை. மாட்டுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் "பரவாயில்லை சார்" என்று சொன்னது இழப்பீடு கேட்கும் நாளில் உதவாது. துளை போட்டிருந்தால், சீட் கழற்றியிருந்தால், உங்கள் நாட்டில் மாற்றங்களுக்குச் சான்று தரும் பொறியாளரிடமோ பதிவு அலுவலகத்திலோ வண்டியைக் காட்டுங்கள். மாட்டும் முன்பும் பின்பும் எடுத்த படங்கள், போல்ட் வாங்கிய ரசீது எல்லாம் வண்டிக் காகிதங்களோடு இருக்கட்டும். மாட்டிய சில வாரங்களில் ஒருமுறை எல்லா நட்டையும் திரும்ப இறுக்கிப் பாருங்கள். வண்டி ஒருமுறை பலமாக மோதியிருந்தால் தடுப்பு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கழற்றிவிட்டு, பிடிமானத் தகடுகளைப் பார்த்த பிறகே திரும்ப மாட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.