பீடிஎஃப்பில் வட்டம் கிடையாது

"திருகோணமலை வரைபடம் ஒன்றை வேர்ட்டில் கீறி, பீடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுத்தேன். பிறகு திருத்தவேண்டி வந்தது; மூலக்கோப்பு கையில் இல்லை. பீடிஎஃப்பை மறுபடி வேர்ட்டாக மாற்றினால், சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் போட்ட வட்டங்கள் ஒன்றும் வட்டமாகப் பிடிபடுவதில்லை. கொட்டியாரக் குடாவின் நீலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஏன்?" என்று உப்புவெளியிலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை கேட்கிறார்.

புகைப்படம் பிக்செல்கள் என்ற சிறு நிறப்புள்ளிகளால் ஆனது. வரைபடமோ "இங்கிருந்து அங்கே கோடு போடு" என்ற கட்டளைகளின் தொகுப்பு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். சிக்கல், கட்டளைகளின் அகராதி கோப்புக்குக் கோப்பு மாறுவதில்தான். வேர்ட்டுக்கு நீள்வட்டம் என்றால் என்னவென்று தெரியும். அகலமும் உயரமும் கொடுத்தால் போதும். 1993இல் வந்த பீடிஎஃப்புக்குத் தெரிந்தவை நேர்கோடு, வளைகோடு, செவ்வகம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு குதமும் நான்கு வளைகோடுகளாக எழுதப்படுகிறது.

அந்த வளைகோடுதான் எனக்குப் பிடித்த இடம். அ, ஆ, இ, ஈ என நான்கு புள்ளிகள். கோடு அ-வில் தொடங்கி ஈ-யில் முடியும். நடு இரண்டும் அதைத் தம் பக்கம் இழுக்கும். அ-ஆ, ஆ-இ, இ-ஈ கோடுகளின் நடுப்புள்ளிகளைக் குறியுங்கள். அந்த மூன்றையும் வரிசையாக இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அதன் நடுப்புள்ளி வளைகோட்டின்மேல் சரியாக உட்காரும். கூட்டி இரண்டால் வகுப்பதைத் தவிர வேறு கணக்கே இல்லை! அந்த இடத்தில் வளைகோடு இரண்டாகப் பிரிகிறது. வழியில் குறித்த புள்ளிகளே இரு பாதிகளுக்கும் தேவையான நான்கு நான்கு புள்ளிகளைத் தந்துவிடுகின்றன. இப்படியே பிளந்துகொண்டு போனால், துண்டுகள் நேர்கோடுகளாகவே தெரியும். படத்தைப் பெரிதாக்கினால் இன்னும் சில தடவை பிளந்தால் போதும். அதனால்தான் அது மங்குவதில்லை.

1959இல் சிற்றொயன் கார் நிறுவனத்தில் இந்த வழியைக் கண்டவர் போல் து காஸ்தெல்ஜோ. நிறுவனம் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் வேலை செய்த பியர் பெசியே தன் ஆய்வை வெளியிட்டார். வளைகோட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளையும் பெட்டிக்குள் பூட்டும் நம் வழக்கத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, இந்த வளைகோட்டால் வட்டம் போட முடியுமா? கச்சிதமாக முடியாது. ஒவ்வொரு கால்வட்டத்துக்கும் ஆ, இ புள்ளிகளைத் தத்தம் முனையிலிருந்து ஆரையின் 0.5523 மடங்கு தூரத்தில் வைத்தால், பிசகு ஆரையின் 0.027 சதவீதம். 1 கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டத்தைத் துறைமுகத்தின்மேல் போட்டால் 27 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் "இது வட்டம்" என்ற செய்தி தொலைந்துவிட்டது. திரும்ப மாற்றும் மென்பொருள் நான்கு வளைகோடுகளைக் கண்டு வட்டத்தை ஊகிப்பது, பிழிந்த இடியப்பத்தைப் பார்த்து உரலின் கண்களை எண்ணுவது போன்ற வேலை.

நீலத்தின் கதை வேறு. ஒளி ஊடுருவும் நிறங்கள் பீடிஎஃப்பில் 2001ஆம் ஆண்டின் 1.4 பதிப்பிலிருந்துதான் உண்டு. அவற்றை அறியாத கோப்பு வடிவத்துக்குப் போகும்போது, நிறங்கள் மேற்படியும் பகுதிகளை மென்பொருள் வெட்டி, கலவை நிறத்தைக் கணித்துத் தனித்தனியாகப் பூசும். சிக்கல் கூடினால் முழுவதையும் பிக்செலாக்கிவிடும். ஏ4 தாள் ஒன்றுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏறத்தாழ 87 இலட்சம் பிக்செல்கள்.

"பீடிஎஃப் ஆக்கினாலே படம் மங்கும்" என்று கடைகளில் சொல்வது இராகுகாலம் பார்ப்பது மாதிரித்தான். மங்கவைப்பது, கோப்பைச் சிறிதாக்கத் தெரிவுசெய்யும் அமைப்பு.

ஆசிரியைக்கு: வேர்ட்டை விடுங்கள். பீடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் வளைகோடுகள் வளைகோடுகளாகவே வரும். குதங்களை அழித்துப் புதிதாகப் போட்டு எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். அந்த வடிவத்துக்கு வட்டம் தெரியும். புதிய வேர்ட் பதிப்புகளும் அதை ஏற்கும்.